விட்டுவைத்த பிழை

ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் பிழைகளைப் பதியும் பக்ஸில்லாவில், சிலவற்றுக்கு மட்டும் ‘குட் ஃபர்ஸ்ட் பக்’ என்று அடையாளம் இட்டிருப்பார்கள். அனுபவசாலி உட்கார்ந்தால் சட்டென்று முடிந்துவிடும் வேலை. ஆனாலும் தொடமாட்டார். புதிதாக வருபவருக்கென்று விட்டுவைத்து, எந்தக் கோப்பைத் திறக்க வேண்டும், எந்தச் சோதனையை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று எழுதிவைப்பார். வழிகாட்டி என்று தன் பெயரையும் பதிவார். பல நேரம் திருத்துவதைவிட அந்தக் குறிப்பை எழுதத்தான் அதிக நேரம் பிடிக்கும். பிறகு வந்துசேரும் முதல் திருத்தத்தை வரிவரியாகப் படித்து, தள்ளிப்போன ஓர் இடைவெளியைக்கூடப் பொறுமையாகச் சுட்டிக்காட்டி, மறுபடி அனுப்பச் சொல்வார். கைதேர்ந்தவர் தன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் அந்தப் பொறுமைதான் எனக்கு மிகவும் பிடித்தது. நிரல் எழுதப் பழகும் மாணவர்களே, அந்தப் பட்டியலிலிருந்து ஒன்றை எடுங்கள். புரியாததைக் கூச்சப்படாமல் கேளுங்கள்.