அழகில்லாத பேய்

இங்கிலாந்தின் கிரேடில் ஆஃப் ஃபில்த் குழு 1998இல் வெளியிட்ட ‘குரூயல்ட்டி அண்ட் த பீஸ்ட்’ இசைத்தொகுப்பு முழுக்க ஒரு பெண்ணைப் பற்றியது. ஹங்கேரியப் பிரபு குலத்து எலிசபெத் பாத்தோரி. பணிப்பெண்களை வதைத்துக் கொன்றார் என்ற குற்றச்சாட்டில் 1610இல் பிடிபட்டு, கோட்டைக்குள்ளேயே அடைபட்டு 1614இல் இறந்தவர். இளமை குன்றாமலிருக்கக் கன்னியரின் ரத்தத்தில் குளித்தார் என்ற கதையோ, அவர் இறந்து நூறாண்டுக்கும் மேல் கழிந்த பிறகுதான் அச்சேறியது. தொகுப்பு பிடித்துக்கொண்டது அந்தக் குளியலைத்தான். ஒருத்தி கொடூரமானவளாக இருந்தால்கூட அது அழகுக்காகத்தான் இருக்க வேண்டும் போலிருக்கிறது!

குரல்களையும் கவனியுங்கள். பாத்தோரியாகப் பேசுபவர் பழைய பேய்ப்பட நடிகை இங்க்ரிட் பிட். பின்னணியில் சாரா ஜெசபெல் தேவா. அலறுவது மட்டும் டேனி ஃபில்த் என்கிற ஆண்.

இவ்வளவு தெரிந்தும் இந்த கோதிக் பிளாக் மெட்டலை என் மாணவியர் சிலர் விரும்பிக் கேட்கிறார்கள். பண்ணைப்புரம் இருக்கிற மாவட்டத்தில் இதையா கேட்பது என்று வருந்துபவர்கள் வருந்தட்டும். எனக்குக் காரணம் புரிகிறது. எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் பெண் கத்துவதற்கு நாள் குறித்திருக்கிறது. வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவில் அக்கினிச்சட்டி ஏந்திச் சாமி வந்து அலறலாம். இழவு வீட்டில் மாரடித்து ஒப்பாரி வைக்கலாம். மற்ற நாட்களில் அடுத்த வீட்டுக்குக் கேட்காமல் பேச வேண்டும். காதுக்குள் ஒலிக்கும் இந்த அலறலோ நாள் கிழமை பார்ப்பதில்லை, யாரிடமும் உத்தரவு கேட்பதில்லை. பேருந்து சன்னலோரத்தில் முகம் மாறாமல் உட்கார்ந்தபடியே கேட்டுக்கொள்ளலாம்.

தமிழர்களும் இந்த இசையின் பக்கம் வந்திருக்கிறார்கள். சிங்கப்பூரில் 1992இல் தொடங்கிய ருத்ரா குழு தன் இசையை வேத மெட்டல் என்கிறது. 2022இல் அவர்கள் வெளியிட்ட ‘எய்ட் மகாவித்யாஸ்’ தாந்திரிகத் தேவியரைப் பற்றியது. தன் தலையைத் தானே அறுத்து ஏந்தும் சின்னமஸ்தா, முறமும் காக்கையுமாக வரும் கைம்பெண் தூமாவதி எல்லாம் மகாவித்யை வரிசையில் வருபவர்கள். தேவியை ரத்தம் பூசிய கவர்ச்சிப் பொம்மையாக்காமல் ஞானமாகப் பார்க்கிற விதத்தில் ருத்ரா ஒரு படி மேல். ஆனால் சுடுகாட்டைப் பாட வடமொழி வரை போவானேன்?

நம்மிடம் காரைக்கால் அம்மையார் இருக்கிறார். கணவன் விலகிய பின், அவனுக்காகச் சுமந்த தசை இனி வேண்டாமென்று பேயுருக் கேட்டு வாங்கியவர் என்கிறது பெரியபுராணம். திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்களில் வரும் பேய்ப்பெண் வற்றி உலர்ந்தவள், எந்த ஆணின் பார்வைக்கும் விருந்தாகாதவள். ஐரோப்பிய கோதிக்கின் அழகிய பிணங்களுக்கு நடுவில் இவளை நிறுத்திப் பாருங்கள். அவர்கள் பார்க்கப்படுகிறார்கள். இவளோ சுடுகாட்டைப் பார்க்கிறாள், பார்த்ததைப் பாடுகிறாள். பாடியவர் பெண் என்பதைப் பக்தி என்ற சொல்லால் நாம் மூடிவைத்திருக்கிறோம்.

மெட்டலின் உறுமல் ஆண் தொண்டைக்கு மட்டும் வருவதும் அல்ல. ஆர்ச் எனிமி குழுவில் ஆஞ்செலா காஸோவ் பாடியதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. பயிற்சிதான். அம்மையாரை அந்தக் குரலில் பாட ஒருத்தி வந்தால் நான் முதல் வரிசையில் இருப்பேன். முதல் பதிகம் நட்டபாடை, இரண்டாவது இந்தளம். இரண்டில் எது அந்த வேகத்துக்குத் தாங்கும் என்பது அவள் பாடு.