நெரிசலில் எது தாங்கும்?

லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தின் அடித்தளத்தில் 'தி கார்டன்' என்றொரு விளையாட்டுக் கூடம். 3 முதல் 6 வயதுக் குழந்தைகளுக்கென்றே அமைத்தது. தண்ணீர், கட்டுமானம், ஒலி, ஒளி ஆகியவற்றைத் தொட்டு விளையாடித் தெரிந்துகொள்ளலாம். கட்டணம் கிடையாது. பள்ளி விடுமுறையும் மழையும் சேர்ந்த நாளில் உள்ளே கால்வைக்க இடமிருக்காது. அன்றைக்குச் சிறு குழந்தையை அங்கே கூட்டிப்போவது தகுமா?

நெரிசல் எல்லா விளையாட்டையும் ஒரே அளவில் கெடுப்பதில்லை. தண்ணீர்த் தொட்டியில் இன்னின்னபடிதான் விளையாட வேண்டும் என்ற வரிசை இல்லை. ஒரு குழந்தை மிதக்கவிட்ட பொருள் அடுத்த குழந்தையின் கைக்கு வருகிறது. அந்தக் குழந்தை அதை அமுக்கிப் பார்க்கிறது. மில்ட்ரெட் பார்ட்டன் 1932-இல் வெளியிட்ட ஆய்வு, சிறு குழந்தைகள் ஒருவரோடொருவர் சேராமலே அருகருகே இருந்து விளையாடுவதைத் தனி வகையாகக் காட்டியது. தண்ணீர்த் தொட்டி அந்த வயதின் இயல்போடு ஒத்துப்போகிறது. பத்துக் கை நுழைந்தாலும் ஆட்டம் நிற்பதில்லை.

கட்டுமானப் பகுதி அப்படித் தாங்காது. மூன்று வயதுக் குழந்தை அடுக்குவதை ஆறு வயதுக் கால்கள் தட்டிவிட்டால் அதன் முயற்சி பாதியில் முறிகிறது. சான்பிரான்சிஸ்கோவின் எக்ஸ்ப்ளோரடோரியம் அறிவியல் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த சூ ஆலனும் ஜோஷுவா கட்வில்லும் 2004-இல் எழுதிய கட்டுரை இதையே எச்சரிக்கிறது: பலர் ஒரே நேரத்தில் இயக்கும் காட்சிப்பொருளில் ஒருவர் செயல் இன்னொருவர் செயலைக் குலைக்கக்கூடும். ஒலிப் பகுதிக்கு இழப்பு இன்னும் பெரிது. கூச்சலே நிறைந்த அறையில் எந்த ஒலி எதிலிருந்து வந்தது என்று குழந்தை எப்படி அறியும்?

இவற்றைவிடப் பெரிய இழப்பு பேச்சுதான். சான் ஹோசே குழந்தைகள் அருங்காட்சியகத்தில் கெவின் கிரவுலியும் மௌரீன் கல்லனனும் குழுவினரும் செய்து 2001-இல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோரோடு ஈடுபட்ட குழந்தைகள் கூடுதல் நேரம், கூடுதல் கவனத்துடன் ஆராய்ந்தார்கள். இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் பிரித்துக் கேட்கும் திறன் சிறு குழந்தைகளுக்குப் பெரியவர்களைவிடக் குறைவு. "இது ஏன் மிதக்குது?" என்ற அம்மாவின் கேள்வி பிள்ளையின் காதில் விழாவிட்டால், இந்தக் கூடத்தின் மேலான பயனே போய்விடுகிறது.

கட்டணம் வைத்தால் கூட்டம் குறையும் என்பார்கள். அதே கட்டடத்தில் 2016-இல் திறந்த, சற்றுப் பெரிய பிள்ளைகளுக்கான 'வொண்டர்லேப்' கட்டணக் கூடம்தான். ஆனாலும் மழலையர் கூடத்துக்கு அந்த வழியை ஏற்க முடியாது. பிரிட்டனின் தேசிய அருங்காட்சியகங்களில் 2001 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ள இலவச நுழைவு, வருமானம் பார்க்காமல் கதவு திறக்கும் கொள்கை. கூட்டத்தைக் காசால் வடிகட்டினால் ஏழைக் குழந்தைதான் முதலில் வெளியே நிற்கும். ஒரு வேளைக்கு இத்தனை பேர் என்ற வரம்பும் நேரச்சீட்டுமே நியாயமான வழி. விடுமுறை நாளில் அதில் தளர்வு கூடாது.

ஆகவே என் தீர்ப்பு இது. நெரிசலான நாளில் முழுக் கூடத்தையும் பார்க்கவென்று போவது வீண். தண்ணீர்த் தொட்டிக்காக மட்டும், திறந்தவுடன் போய், குழந்தையின் காதருகே குனிந்து பேசியபடி இருந்துவிட்டுத் திரும்புவது முழுக்கத் தகும். வடிவமைப்பாளர்களுக்கும் இதுவே அளவுகோல்: காலியான அறையில் நன்றாக இயங்குவது போதாது, இருபது குழந்தைகள் சூழ்ந்த நேரத்திலும் ஒரு குழந்தை தொடங்கியதை முடிக்க முடிகிறதா என்று சோதித்த பிறகே ஒரு விளையாட்டைக் கூடத்தில் வைக்க வேண்டும்.