தொழிற்பேட்டையைச் சுற்றி ஐந்து புளிப்புகள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலையாக வருகிற வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் இந்த வட்டாரத்துச் சாப்பாட்டை வாயில் வைக்காமலே திரும்பிப் போகிறார்கள். காலையில் சென்னையிலிருந்து வண்டி, மதியம் நெடுஞ்சாலையோர ஏசி ஓட்டலில் பன்னீர் பட்டர் மசாலா, சாயங்காலம் மறுபடி வண்டி. அந்தப் பன்னீர் பட்டர் மசாலா லூதியானாவிலும் ஓசூரிலும் அப்படியேதான் இருக்கும். அழைத்துப் போகிற உள்ளூர் நண்பரும், "இங்க என்ன சார் இருக்கு, மெட்ராஸுக்கே போயிடலாம்" என்று சொல்லிவிடுகிறார். ஆம்பூருக்குப் பிரியாணி, ஆற்காட்டுக்கு மக்கன் பேடா, காஞ்சிபுரத்துக்கு இட்லி. திருவள்ளூர் மாவட்டத்துக்கு அப்படிப் பெயர் வாங்கிய பண்டம் எதுவும் கிடையாது. பெயர் வாங்கிய பண்டம் இல்லையே தவிர, சமையல் பாணிகளுக்குப் பஞ்சமில்லை. ஏரியும் கோயிலும் வயலும் மாநில எல்லையும் ஓர் அகதி முகாமும் ஒன்றிரண்டு மணி நேரப் பயணத்துக்குள் அடங்கிவிடும் இடம் தமிழ்நாட்டில் வேறெங்கும் எளிதில் அமையாது.

இந்தப் பாணிகளைப் பிரித்தறிய நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: புளிப்பு எதிலிருந்து வருகிறது? காரம் எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒரே மிளகாய்தான். புளிப்புதான் ஊருக்கு ஊர் ஆளை மாற்றிக்கொள்கிறது. இப்படிப் பிரிப்பது என் கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவின் கரோலினாக்களில் தணலில் வாட்டிய பன்றிக் கறியை இப்படித்தான் பிரிக்கிறார்கள். வட கரோலினாவின் கிழக்குப் பக்கம் முழுப் பன்றியை வாட்டி, வினிகரும் மிளகாயும் மட்டும் கலந்த சாற்றை ஊற்றுவார்கள். மேற்கே லெக்சிங்டனில் தோள்பட்டைக் கறி மட்டுந்தான். வினிகரோடு கொஞ்சம் தக்காளி சேரும். தென் கரோலினாவின் நடுப்பகுதிக்குப் போனால் கடுகு விழுது வந்துவிடும். எது அசல் என்ற சண்டை அங்கே இன்னும் ஓயவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பொறியாளர் இயந்திரம் பொருத்த வந்தால், நம் பாணிகளை அவருக்கு விளக்க இதை நினைவுபடுத்தினால் போதும்.

முதலில் பழவேற்காடு. ஒரே ஒரு வேளைதான் கையில் இருக்கிறது என்பவர் மற்றதையெல்லாம் விட்டுவிட்டுப் பொன்னேரி வழியாக அங்கே போய்விடலாம். சிலிகாவுக்கு அடுத்தபடியாக நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது. பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது. கடலோடு கலக்கும் முகத்துவாரம் ஒன்று நம் பக்கம். ஆரணியாறு மழைக்காலத்தில் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டும். கோடையில் முகத்துவாரம் மணல் தூர்ந்து சுருங்கும், தண்ணீர் கரித்துப்போகும். கடலில் பிறந்த இறால் குஞ்சுகள் உள்ளே வந்து, இந்த மாறும் தண்ணீரில் வளர்ந்து, பிறகு கடலுக்குத் திரும்பப் பார்க்கும்போது வலையில் விழுகின்றன. எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதைச் சீட்டுப் போட்டு முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் 'பாடு' என்ற ஏற்பாடு இங்குள்ள மீனவர்களிடம் வெகுகாலமாக உண்டு.

இங்கே கேட்டு வாங்க வேண்டியவை மடவை, கிழங்கான், வெள்ளை இறால், கழி நண்டு. மடவைதான் ஏரியின் அடையாளம். கொழுப்புள்ள மீன். சேற்றில் மேய்வதால் சரியாகக் கழுவாவிட்டால் மண் வாடை அடிக்கும். கல்லுப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து, தண்ணீர் தெளியும்வரை அலசுகிற வீட்டில்தான் மடவைக் குழம்பு சாப்பிட வேண்டும். குழம்பில் புளி உண்டு. ஆனால் மாங்காய்க் காலத்தில் புளியைக் குறைத்துப் பச்சை மாங்காயைக் கீறிப் போடுவார்கள். அதுதான் நான் சொல்லும் முதல் புளிப்பு. நாகர்கோவில் பக்கத்துக்காரர் தேங்காயைத் தேடுவார். இங்கே அரைத்த தேங்காய் பெரும்பாலும் சேராது. அதனால் குழம்பு மெலிந்து, எண்ணெய் மேலே தெளிந்து, மீனின் ருசி மறையாமல் நிற்கும். மாங்காய் குழையாமலும் மீன் உடையாமலும் இருக்க வேண்டும். காலையில் வைத்த குழம்பை ராத்திரி சாப்பிட்டுப் பார்ப்பதுதான் அதற்கு உரிய பரிசோதனை.

நண்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கழி நண்டு உயிரோடு, கால்கள் கட்டப்பட்டு விற்பனைக்கு வரும். பெரிய உருப்படிகள் ஏற்றுமதிக்குப் போய்விடுகின்றன, மிஞ்சுவதே போதும். அடிவயிற்று மடிப்பு அகலமாக இருந்தால் பெண், குறுகலாக இருந்தால் ஆண். சினை வேண்டுபவர் முன்னதையும், கொடுக்குச் சதை வேண்டுபவர் பின்னதையும் எடுக்கலாம். எதுவானாலும் கையில் தூக்கும்போது உருவத்தைவிடக் கனமாகத் தெரிய வேண்டும். அமாவாசையை ஒட்டிப் பிடித்த நண்டில்தான் சதை நிறைந்திருக்கும் என்று கரையோரத்தில் சொல்வார்கள். மேரிலாந்தில் செசபீக் விரிகுடா நண்டை மசாலாப் பொடி தூவி ஆவியில் வேகவைத்து, மேசையில் தாள் விரித்துக் கொட்டி, மரச் சுத்தியலால் தட்டிச் சாப்பிடுகிறார்கள். அங்கே மசாலா ஓட்டின் மேல் நிற்கிறது. தின்பவர் விரல் வழியாகத்தான் சதைக்குப் போய்ச் சேரும். நம் வீடுகளில் கொடுக்கை முன்பே லேசாக நசுக்கி மசாலாவில் போடுவதால் காரம் உள்ளேயே இறங்கிவிடுகிறது. இரண்டு பக்கமும் சாப்பிட்டவர்கள் எதை உயர்த்திச் சொன்னாலும் நான் சண்டைக்குப் போகமாட்டேன். ஆனால் நண்டு ரசம் நம்முடையது, அதில் விட்டுக்கொடுப்பு இல்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குக் கடலில் தடைக்காலம். அந்த நாட்களில் வருபவர்கள் மீன் கிடைக்காது என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஏரியில் சிறு படகு மீன்பிடிப்பு அப்போதும் நடக்கும். பழவேற்காட்டில் பெரிய ஓட்டல்களைத் தேட வேண்டாம். முந்தின நாளே சொல்லிவைத்தால் சமைத்துத் தருகிற சிறிய சாப்பாட்டுக் கடைதான் சரி.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. 1613-இல் டச்சுக்காரர்கள் இந்த ஊரில் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு இதுதான் தலைமையிடம். இங்கிருந்து துணி வாங்கிப்போய் கீழைத் தீவுகளில் கிராம்புக்கும் சாதிக்காய்க்கும் மாற்றினார்கள். உலகத்து வாசனைச் சரக்கு வியாபாரத்துக்கு முதல் போட்ட ஊர்களில் ஒன்று இது. ஆனால் இந்த ஊர் மீன் குழம்பில் ஒரு கிராம்பு கிடையாது!

கழியின் ருசி தண்ணீரில் இருக்கிறது என்பதை இங்கே சொல்லாமல் வேறெங்கே சொல்வது? தெற்கே எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து ஆழம் குறைந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு அங்கே எண்ணெய்ப் படலமும் பரவியது. நல்ல நண்டு வேண்டுமென்றால் ஆலைக் கழிவுக் குழாய் எங்கே முடிகிறது என்றும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது பாணி கோயிலுடையது. திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயிலின் தலபுராணமே விருந்தோம்பல் கதைதான். சாலிஹோத்திர மகரிஷி ஓராண்டு உபவாசம் இருந்து, அரிசியைப் பொறுக்கிச் சேர்த்து மாவாக்கி, உண்ணும் முன் விருந்தினருக்காகக் காத்திருக்கிறார். ஒரு கிழவர் வருகிறார். அவருடைய பங்கைத் தின்று, பசி தீரவில்லை என்று முனிவரின் பங்கையும் வாங்கித் தின்றுவிடுகிறார். முனிவர் மறுபடி ஓராண்டு உபவாசம் இருக்க, அடுத்த முறையும் அதே கதைதான். தின்று முடித்த கிழவர், படுக்க இடம் எங்கே என்று கேட்கிறார். படுத்தவர் பெருமாளாகக் காட்சி தருகிறார். அமாவாசைகளில், குறிப்பாகத் தை அமாவாசையில், கூட்டம் திரண்டு வந்து குளத்தில் வெல்லத்தைக் கரைக்கும்.

பிரசாதத்தில் கவனிக்க வேண்டியது புளியோதரை. வைணவக் கோயில் மடைப்பள்ளியில் வெங்காயம், பூண்டு நுழையாது. பழைய முறையில் காரத்துக்கு மிளகுதான் முன்னால் நிற்கும். புளிக்காய்ச்சலை நல்லெண்ணெயில் அது பிரிந்து வரும்வரை பொறுமையாகக் காய்ச்சினார்களா என்பதைத் தொன்னையைப் பார்த்தே சொல்லிவிடலாம். சோறு ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கும், தொன்னையின் அடியில் எண்ணெய் தேங்காது, நாக்கின் ஓரத்தில் புளி உறைக்காது. சாம்பார்ப் பொடியும் புளிக்கரைசலும் கலந்து அவசரமாகக் கிளறியதைப் புளியோதரை என்று விற்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அது புளிச்சோறு, அவ்வளவுதான்.

மூன்றாவது, கூழ். இதில் புளிப்பை யாரும் சேர்ப்பதில்லை. ராத்திரி அதுவாக வருகிறது. கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்கவைத்து, நொய்யை வேகவைத்து அதில் கிளறி இறக்குவார்கள். மறுநாள் மோர் ஊற்றிக் கரைத்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும். தொட்டுக்கொள்ளக் கருவாட்டுக் குழம்போ மோர் மிளகாயோ இருந்தால் வேறு கறி கேட்கத் தோன்றாது. ஆடி தொடங்கிப் பல வாரங்களுக்குப் பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலுக்கு வேப்பிலை ஆடையோடு வரும் கூட்டத்தைப் பார்ப்பவர், சுற்று வட்டாரத் தெருக்களில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதையும் பார்க்கலாம். பாத்திரத்தை நீட்டினால் யாரும் ஊர் பெயர் கேட்கமாட்டார்கள். கோடையில் சாலையோரத் தள்ளுவண்டியிலும் கிடைக்கும். இரும்பு உருட்டாலையில் உலைக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவரிடம் கேளுங்கள், கூழுக்கும் குளிர்பானத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அவர்தான் சரியாகச் சொல்வார். கூழில் கட்டி இருக்கக்கூடாது, நொய் மட்டும் பல்லில் தட்டுப்பட வேண்டும். புளிப்பு மூக்குக்கு முதலில் வந்துவிட்டால் ஒரு நாள் தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

எல்லைப் பக்கம் போனால் புளிச்சகீரை. எளாவூர் சோதனைச்சாவடியைக் கடந்து ஆரம்பாக்கம் வந்தால் அடுத்தது தடா, ஆந்திரம். ஆனால் சமையல் அந்தக் கோட்டில் மாறுவதில்லை. 1960 ஏப்ரல் 1-இல் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது. பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களைச் சேர்ந்த சத்தியவேடு பக்கத்துக் கிராமங்கள் ஆந்திரத்துக்குப் போயின. ஊர்கள் மாநிலம் மாறின, உரலில் இடித்த கோங்குரா (புளிச்சகீரை) பச்சடி மாறவில்லை. ஊத்துக்கோட்டை, கும்மிடிப்பூண்டி வீடுகள் பலவற்றில் தெலுங்கும் தமிழும் ஒரே பந்தியில் பேசப்படும். சிவப்புத் தண்டுக் கீரைக்குப் புளிப்பு அதிகம், பச்சைத் தண்டுக்குக் குறைவு, பச்சடிக்குச் சிவப்புதான். கீரையை எண்ணெயில் சுருள வதக்கி, வறுத்த காய்ந்த மிளகாயும் பூண்டும் சேர்த்து இடிப்பார்கள். மிக்ஸியில் மையாக அரைத்தால் கெட்டது காரியம். சூடான வெள்ளைச் சோறு, பருப்புப் பொடி, நெய், பக்கத்தில் இந்தப் பச்சடி. இந்த அளவோடு எழுந்துவிடுவது நல்லது. அன்லிமிடெட் சாப்பாடு என்று பலகை தொங்குகிறதே என்று எல்லாவற்றையும் வாங்கிக் கலக்குபவர்கள் கடைசியில் எதன் ருசியையும் அறிவதில்லை. நெல்லூர்ப் பக்கத்து மீன் புலுசும் மெஸ்களில் கிடைக்கும். அதிலும் மாங்காய் உண்டு, ஆனால் பழவேற்காட்டுக் குழம்பைவிடக் கெட்டி, காரமும் கூட.

ஐந்தாவது புளிப்பு கடல் தாண்டி வந்தது. கும்மிடிப்பூண்டியை ஒட்டிய பெத்திக்குப்பத்தில் 1990 முதல் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. அங்கே பிறந்து வளர்ந்து, யாழ்ப்பாணத்தைப் பார்த்தே இராதவர்களின் வீட்டிலும் புட்டு, இடியப்பம், சொதி, சம்பல்தான். தேங்காயை வெளியே தள்ளிய மடவைக் குழம்புக்குப் பக்கத்து ஊரிலேயே தேங்காய்ப்பாலை உயிராகக் கொண்ட சமையல். சொதியில் வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், மஞ்சள், பால், வேறொன்றும் பெரிதாக இல்லை. புளி சேராது, தேசிக்காய் என்று அவர்கள் சொல்லும் எலுமிச்சையை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழிவார்கள். கொதிக்கும்போது பிழிந்தால் பால் திரிந்துவிடும். சொதி திரியாமல், மஞ்சள் வெளிறாமல், மிளகாயின் வாசனை மட்டும் ஏறி நிற்பதில் கை தேர்ந்தவர் யார் என்று தெரிந்துவிடும். நெல்லைச் சொதி வேறு. காய்கறியும் பாசிப்பருப்பும் போட்ட அந்தக் கல்யாண வீட்டுச் சொதியை இதோடு குழப்ப வேண்டாம். முகாம் சுற்றுலா இடம் அல்ல. உடன் வேலை செய்பவர் வீட்டுக்கு வாருங்கள் என்று கூப்பிட்டால் போக வேண்டும், கூப்பிடாவிட்டால் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும்.

பூண்டி நீர்த்தேக்கத்தை நான் பாணியாகச் சேர்க்கவில்லை. 1944-இல் கட்டி முடித்த அணை; அதன் மீன் ருசிக்கு அத்தனை மரபு சேரவில்லை. சாலையோரத்தில் பொரித்துத் தரும் ஜிலேபி கெண்டையைச் சூடாகச் சாப்பிடலாம், ஆறினால் வேண்டாம். பக்கத்து அத்திரம்பாக்கத்தில் ராபர்ட் புரூஸ் ஃபுட் 1863-இல் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். பின்னால் நடந்த ஆய்வுகள் அங்கே கிடைத்த கைக்கோடரிகளுக்குப் பதினைந்து லட்சம் ஆண்டு வயது சொல்கின்றன. பூண்டி அருங்காட்சியகத்தில் அந்தக் காலத்துக் கற்கருவிகளைப் பார்க்கும்போது, இந்த வட்டாரத்தில் முதலில் கறி அறுத்தவர்கள் எதைத் தொட்டுக்கொண்டு தின்றிருப்பார்கள் என்ற யோசனை எனக்கு வராமல் இருந்ததில்லை.

புளிப்பு முன்னால் நிற்காத ஒரு பாணியும் இப்போது வேர்விட்டிருக்கிறது. பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து சிப்காட்டில் வேலை செய்பவர்களுக்காகத் தோன்றிய சிறு கடைகளில் லிட்டி சோக்கா கிடைக்கிறது. வறுத்த கடலை மாவான சத்துவை, பூண்டும் ஓமமும் பச்சைக் கடுகெண்ணெயும் சேர்த்துக் கோதுமை உருண்டைக்குள் வைத்துச் சுடுவார்கள். சுட்ட கத்தரிக்காயும் உருளைக்கிழங்கும் மசித்தது கூட வரும். கடுகெண்ணெயின் நெடி நமக்கு முதலில் தும்மலை வரவழைக்கும். இரண்டாவது உருண்டையில் பழகிவிடும். உருண்டையின் மேல் அங்கங்கே கருக வேண்டும், உடைத்தால் மாவு உதிர வேண்டும். தணலில் சுடுகிற கடையாகப் பார்த்து உட்காருங்கள். எண்ணெயில் பொரித்து நீட்டினால் டீ மட்டும் குடித்துவிட்டு வந்துவிடலாம்.