மணிப்ரவாளமும் ‘அடிமை’ என்னும் சொல்லும்

இருமொழி வல்லமையாவது, ஒருவர் இரண்டு மொழிகளில் தனித்தனியே பேசவும் எழுதவும் வல்லவராயிருத்தல் என்றே பெரும்பாலும் கொள்ளப்படுகிறது. உபயவேதாந்த ஸம்ப்ரதாயத்தில் அதற்கு வேறொரு நிலையும் உண்டு. ஒரே வாக்யத்தில் இரண்டு மொழிகளும் தத்தமக்குரிய பணியைச் செய்யும் நிலை அது. எம்பெருமானார் தாம் அருளிய க்ரந்தங்கள் ஒன்பதும் ஸம்ஸ்க்ருதத்தில் அமைந்தவை. அவர் நியமனத்தால் திருக்குருகைப்பிரான் பிள்ளான் அருளிச்செய்த ஆறாயிரப்படி தொடங்கித் திருவாய்மொழி வ்யாக்யானங்கள் ஐந்தும் மணிப்ரவாளத்தில் அவதரித்தன.

கேரள தேசத்து லீலாதிலகம் கூறும் மணிப்ரவாளத்தில் ஸம்ஸ்க்ருதச் சொற்கள் தம் விபக்திகளோடே வரும். நம் வ்யாக்யானங்களிலோ அவை பெரும்பாலும் தமிழுருபு ஏற்றுத் தமிழ்வினை கொண்டு முடியும். ஆகவே இதனை வடமொழி மிகுந்த தமிழ் என்று கருதி, அச்சொற்களை நீக்கித் தமிழ்ச்சொற்களை இட்டால் போதும் என்பர் சிலர். ஸம்ஸ்க்ருதம் அறியாதார்க்கும் பூர்வாசார்ய ஸ்ரீஸூக்திகள் எட்டவேண்டும் என்னும் அவர்தம் நோக்கம் கொண்டாடத்தக்கதே. ஆயினும் அம்முறையால் அர்த்தம் குலையுமிடங்களும் உண்டு.

சேஷத்வம், பாரதந்த்ர்யம், கைங்கர்யம் என்னும் மூன்றுக்கும் ‘அடிமை’ என்றே எழுதுவோமாகில் நேர்வது என்ன? பிறனுக்கு அதிசயம் விளைக்கைக்கே உரியனாயிருத்தல் சேஷத்வம். அவன் இட்ட வழக்காயிருத்தல் பாரதந்த்ர்யம். அவன் உகப்புக்காகச் செய்யும் தொண்டு கைங்கர்யம். பெருமாளைப் பிரியமாட்டாமல் காடேறப் போந்து தொண்டுசெய்த இளைய பெருமாளைச் சேஷத்வத்துக்கும், அவர் திருவுள்ளத்துக்கு இசைந்து பிரிவையும் பொறுத்து நந்திக்ராமத்தில் இருந்த ஸ்ரீபரதாழ்வானைப் பாரதந்த்ர்யத்துக்கும் எடுத்துக்காட்டுவர் நம் பெரியோர். இரண்டையும் ‘அடிமை’ என்ற ஒரே சொல்லால் எழுதிவிட்டால், உடன்சென்றதும் அடிமை, பிரிந்திருந்ததும் அடிமை என்றாகி, இருவர் நிலைக்குமுள்ள வாசி தெரியாமற்போகும்.

இதற்கு மறுதலையும் உண்டு. ஆழ்வாருடைய ‘ஆற்றாமை’யை ‘விரஹம்’ என்று மாற்றினால் பிரிவு மட்டுமே தோன்றும். அதைப் பொறுக்கமாட்டாத நிலை தோன்றாது. வ்யாக்யாதாக்கள் அத்தமிழ்ச்சொல்லைத் தமிழாகவே ஆண்டதன் பொருத்தம் இங்கே விளங்கும்.

ஆதலால் எளிய நடையில் எழுதுவோர் கலைச்சொல்லை மூலத்திலுள்ளபடியே வைத்து, அருகே அதன் பொருளை விரித்துரைப்பது நன்று. காலக்ஷேப கோஷ்டியில் ஸம்ஸ்க்ருதம் பயிலாதாரும் இச்சொற்களைக் கேட்டே பொருளுணர்ந்து வருகிறார்கள். ஸமூகம் முழுவதும் இருமொழிப் புலமை பெறாவிடினும், கேள்வியினாலே இருமொழிச் சொற்களும் அதற்கு உரியவையாகும். அக்கேள்விக்கு இடமில்லாதபடி மூலச்சொற்களை நீக்கிவிட்டால், இழப்பு அவர்களுக்கே.