‘சுழல்’ தொடரில் துணைமையும் பாத்திர வளர்ச்சியும்

துப்பறியும் கதைகளில் இரட்டையர் மரபு பழையது. ஷெர்லாக் ஹோம்ஸும் வாட்சனும் 1887இல் அறிமுகமாயினர். தமிழில் சுஜாதாவின் கணேஷும் வசந்தும் அம்மரபின் புகழ்பெற்ற வாரிசுகள். இவ்வமைப்பில் வழக்குகள் மாறுகின்றன. துப்பறிவோர் பெரும்பாலும் மாறுவதில்லை. உண்மை அவர்களுக்கு வெளியே இருக்கின்றது. அதனால் அவர்கள் காயப்படுவதில்லை.

புஷ்கர்–காயத்ரி எழுதி, பிரம்மாவும் அனுசரண் முருகையனும் இயக்கி, 2022 ஜூனில் எட்டுப் பகுதிகளாக வெளிவந்த ‘சுழல்’ இம்மரபினின்று விலகுகின்றது. சாம்பலூர் என்னும் கற்பனைத் தொழில் நகரில் சிமெந்துத் தொழிற்சாலை எரிகின்றது. சந்தேகம் தொழிற்சங்கத் தலைவர் சண்முகத்தின் மீது விழுகின்றது. அதே இரவில் அவருடைய இளைய மகள் நிலா காணாமற் போகின்றாள். ஆய்வாளர் ரெஜினாவும் உதவி ஆய்வாளர் சக்கரையும் விசாரணையில் இறங்குகின்றனர்.

ரெஜினாவின் மகன் அதிசயம் நிலாவைக் காதலித்தவன் என்பது தெரியவரும்போது இவ்விருவரது உறவு அடிப்படையிலேயே மாறுகின்றது. சங்கத்தையும் சண்முகத்தையும் பகையுணர்வோடு நோக்கிய அதிகாரி, அவரைப் போலவே பிள்ளையைத் தேடும் பெற்றோராகின்றார். மேலதிகாரியின் சொற்படி நடந்த சக்கரை, அவரது குடும்பத்தையே விசாரணைக்குட்படுத்த வேண்டியவனாகின்றான். பதவிப் படிநிலை தளர்கின்றது. விசுவாசமும் கடமையும் எதிரெதிரே நிற்கின்றன. சக்கரையின் வளர்ச்சி இம்முரண்பாட்டிலிருந்தே பிறக்கின்றது. இரு பிள்ளைகளின் உடல்களும் நீரிலிருந்து மீட்கப்பட்டபின், உண்மையைக் காண்பது அவர்களுக்குத் தொழிற்றிறன் மட்டுமன்று. இழப்பைத் தாங்கும் ஆற்றலுமாகும்.

சக்கரைக்கும் நிலாவின் தமக்கை நந்தினிக்கும் இடையிலான துணைமை இன்னும் ஆழமானது. கொலையாளி சண்முகத்தின் சகோதரன் குணா என்பதும், சகோதரிகள் இருவரும் சிறுவயதில் அவனது பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் என்பதும் இறுதியில் வெளிப்படுகின்றன. நந்தினி அவனைக் கொல்கின்றாள். சட்டத்தின் பிரதிநிதியும், சட்டம் காக்கத் தவறிய பெண்ணும் எதிரெதிரே நிற்கும் அக்கணத்தில், துப்பறிதல் வெற்றியில் அன்றிக் கேள்வியில் முடிகின்றது. 2025இல் வந்த இரண்டாம் பருவம் அவளைச் சிறையில் வைத்தே கதையைத் தொடர்கின்றது.

எனினும், ஒரு குறைபாட்டைச் சுட்டாதிருத்தல் இயலாது. கதையின் நுழைவாயிலாக அமைந்த தொழிலாளர் போராட்டம் போகப் போகப் பின்புலமாகச் சுருங்குகின்றது. தனிமனிதர் வளர்கின்றனர், தொழிலாளரோ கூட்டமாகவே எஞ்சுகின்றனர். வர்க்க முரண்பாட்டையும் குடும்பத்துள் நிலவும் வன்முறையையும் ஒருசேர எடுத்துக்கொண்ட தொடர், ஒன்றைக் கண்டறியும் முயற்சியில் மற்றதைக் கைநழுவ விடுகின்றது.

யட்டவத்த முதலிய மாத்தளைத் தோட்டப்புறங்களை அறிந்த வாசகருக்கு இது வெறும் கலைக்குறைபாடாகத் தோன்றாது. சம்பளத்திற்காக எழும் குரல் தொழிற்சங்க மேடையில் ஒலிக்கின்றது. லயத்துள் ஒரு சிறுமி விழுங்கும் குரல் எந்த மேடையையும் எளிதில் எட்டுவதில்லை. தொழிலாளர் உரிமைக்காக வாழ்ந்த சண்முகம் தன் வீட்டில் நிகழ்ந்ததை அறியாதிருந்தார் என்பதே இத்தொடரின் மிகக் கூரிய விமர்சனம். அது சங்கத்தை மறுக்கும் வாதமன்று. சங்கத்தின் கடமை வீட்டு வாயிலோடு நின்றுவிடுவதில்லை என்னும் வாதமாகும். அவ்விரு குரல்களையும் பிரிக்காது கேட்கும் படைப்பே இனி நமக்கு வேண்டுவது.