கணுக்காலில் ஒரு கணக்குப்பிள்ளை

பக்கவாதம் வந்தவர் நடையில் எவ்வளவு தேறியிருக்கிறார் என்று பார்க்க இன்றும் கைகொடுப்பது ஸ்டாப்வாட்ச்தான். பத்து மீட்டர் நடக்கவிட்டு நேரம் பார்ப்பார்கள். 25 விநாடிக்கு மேல் ஆனால் வேகம் விநாடிக்கு 0.4 மீட்டருக்கும் கீழே. நடமாட்டம் வீட்டோடு சரி. 12.5 விநாடிக்குள் முடித்தால் 0.8ஐத் தாண்டிவிட்டார், கடைத்தெருவுக்குத் தனியே போய்வரலாம். ஜாக்குலின் பெர்ரி குழுவினர் 1995இல் வகுத்த எல்லைகள் இவை.

ஆனால் பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் நிற்க, சமதரையில் பத்து மீட்டர் நடப்பது வேறு. ராஜபாளையம் பக்கத்துச் சோழபுரத்தில் வாசல்படி இறங்கி, வாறுகாலைத் தாண்டித் தெருவுக்கு வருவது வேறு. ஆஸ்பத்திரியில் நன்றாக நடந்துகாட்டியவர் வீட்டில் கட்டிலைவிட்டு இறங்காமலே இருக்கக்கூடும். அதைக் காட்டிக்கொடுப்பதுதான் உடலில் அணியும் சென்சாரின் பெரிய பலம். முடுக்கத்தையும் சுழற்சியையும் அளக்கும் சிறு கருவி அது. கணுக்காலில் கட்டிவிட்டால் நாள் முழுக்க எத்தனை அடி, எந்த நேரத்தில் என்று குறித்துக்கொண்டே இருக்கும். இரு கால்களிலும் கட்டினால் எந்தக் கால் எவ்வளவு நேரம் ஊன்றுகிறது என்பதும் தெரியும்.

சங்கடம் எங்கே என்றால், யாருக்கு அளவு அதிகம் தேவையோ அவரிடம்தான் கருவி அதிகம் சறுக்குகிறது. குதிகால் தரையில் படும்போது எழும் அதிர்வை வைத்தே பல கருவிகள் ஓர் அடி என்று முடிவுசெய்கின்றன. பாதம் தொங்கிப்போய், காலை அரைவட்டமாக வீசி, விரல்நுனியை இழுத்து நடப்பவருக்கு அந்த அதிர்வு தெளிவாக எழாது. மெதுவாக நடக்க நடக்க, விடுபடும் அடிகளும் கூடும். கைக்கடிகாரம் இன்னும் மோசம். வாதம் வந்த கை நெஞ்சோடு மடங்கியிருக்கும், நல்ல கையில் ஊன்றுகோல் இருக்கும். எந்தக் கை வீசுவதைப் பார்த்து அது எண்ணும்? கடையில் விற்கும் ஸ்மார்ட் வாட்சை அப்பாவுக்கு வாங்கிக் கட்டிவிட்டு, "இன்னைக்கு இருநூறு அடிதானா?" என்று கடிந்துகொள்ளும் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எண்ணைக் காட்டினால் நடை கூடிவிடுமா? 2015இல் வெளியான சிராக்ட் ஆய்வு 11 நாடுகளில், மறுவாழ்வு மையங்களில் தங்கியிருந்தவர்களின் இரு கணுக்கால்களிலும் சென்சார் கட்டிப் பார்த்தது. நடைவேகத்தை மட்டும் சொன்ன குழுவுக்கும், சென்சார் கணக்கையும் சேர்த்துச் சொன்ன குழுவுக்கும் அன்றாட நடையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. எனக்கு இதில் வியப்பில்லை. கழிப்பறை கொல்லைப்புறத்தில் இருப்பதும், விழுந்துவிடுவோமோ என்ற பயமும் எந்தச் சென்சாரிலும் பதிவதில்லை. மனைவி தோள்கொடுத்து வைத்த அடியும் தானாக வைத்த அடியும் அதற்கு ஒன்றுதான்.

ஆகவே ஆளுக்கொரு கருவி என்பதில் எனக்கு உடன்பாடில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோ சிகிச்சை தருகிறார்கள். அப்படி வருபவர் பையில் ஒரு ஜோடி சென்சார் இருந்தால் போதும். ஒரு வாரம் கட்டிவிட்டு, கழற்றும்போது வீட்டாரோடு உட்கார்ந்து கணக்கைப் பார்க்கலாம். கட்டிய அன்றே ஐம்பது அடி நடக்கவிட்டுக் கண்ணால் எண்ணிக்கொள்ள வேண்டும். கருவி முப்பதுதான் காட்டுகிறது என்றால் அவருக்கு அது ஆகாது. பழைய ஸ்டாப்வாட்சையே எடுக்கலாம்.