முதற் பறப்பின் சாதகம்

கிருலப்பனை வாசிகளுக்கு விமானத்தின் ஓசை புதியதன்று. தெற்கே சில மைல் தொலைவில் இரத்மலானை விமானநிலையம் உளது. 1935ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 27ஆந் திகதி, சென்னைப் பறப்புக் கழகத்தைச் சேர்ந்த ரின்டேல் பிஸ்கோ என்பார் சிறு விமானமொன்றைச் செலுத்திவந்து அங்கே முதன்முதலாக இறக்கினார். 1938ஆம் ஆண்டு பெப்ருவரி 28ஆந் திகதி டாட்டா நிறுவனத்தாரின் தபால் விமானசேவை கொழும்பு வரை நீண்டது. 1947ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆந் திகதி எயர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறை வழியாகச் சென்னை சேர்ந்தது. அவ்விமானத்துக்குச் 'சீதாதேவி' என்று பெயர். இலங்கையை விட்டு விமானமேறிச் சென்ற காப்பியத் தலைவியின் பெயரை இதனினும் பொருத்தமாக வேறெதற்கும் இட்டிருத்தல் இயலாது.

இம்மூன்று நாள்களையும் பஞ்சாங்கத்தோடு ஒப்புநோக்கின் வியப்பொன்று தோன்றும். முதலாவது அமாவாசையை ஒட்டிய நாள். இரண்டாவது மாசித் தேய்பிறையின் கடைசி நாள்களுள் ஒன்று, சிவராத்திரியை அடுத்தது. மூன்றாவதும் தேய்பிறை, அமாவாசைக்கு இரண்டொரு நாளே இருந்தது. வளர்பிறையிலே நற்காரியந் தொடங்குக என்று சொல்லிவரும் நாட்டிலே, வான்வழி மூன்று முறையும் நிலவற்ற வானிலேயே திறந்தது. இதைக் கொண்டு, 'பறப்புக்கு உரியது தேய்பிறையே' என்று புதுவிதி ஒன்று வகுத்தற்குச் சோதிட வல்லார் ஒருவருக்கு அரை நாழிகை போதும். அவ்வாறு விதி வகுக்கும் முறையே ஈண்டு ஆராயப்படுவது.

உலக நிகழ்ச்சிகளுக்கு, அவை நிகழ்ந்து பல்லாண்டு சென்றபின் சாதகம் கணித்துப் பலன் சொல்லும் வழக்கம் மேனாட்டிலும் கீழ்நாட்டிலும் உண்டு. நாடுகளின் சுதந்திரம், அரசர் முடிசூட்டு, கப்பல் வெள்ளோட்டம் என வரும் அவ்வரிசையில் முதல் விமானப் பறப்புக்கும் இடமுண்டு. றைற் சகோதரர் அமெரிக்காவின் வட கரோலைனாக் கடற்கரையில், கிற்றி ஹோக் என்னும் ஊரின் அருகே, 1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆந் திகதி வியாழக்கிழமை முற்பகல் 10 மணி 35 நிமிடத்துக்குப் பறந்தனர். நாளும் நேரமும் இடமும் ஐயமின்றிக் கிடைப்பதால் சாதகம் கணிப்பார்க்கு இது கரும்பு. கொழும்பில் அப்பொழுது இரவு ஒன்பது மணியை அணுகிக்கொண்டிருந்தது.

அச்சாதகத்தைத் திருக்கணித முறைப்படி வரைந்து பார்க்குமிடத்து, அதன் அழகை மறுப்பதற்கில்லை. இலக்கினம் மகரம். இலக்கினாதிபதியாகிய சனி அங்கேயே ஆட்சிபெற்று நிற்கின்றான். அவனோடு செவ்வாய் உச்சம்பெற்று மிக நெருங்கி நிற்கின்றான். கேந்திரத்திலே உச்சம்பெற்ற செவ்வாயால் ருசகயோகமும், ஆட்சிபெற்ற சனியால் சசயோகமும் ஒருங்கே அமைகின்றன. பஞ்ச மகாபுருட யோகங்களுள் இரண்டு ஓரிடத்தே கூடுவது எளிதன்று. செவ்வாய் நெருப்பு; சனி இரும்பு; இரண்டுங் கூடியது எஞ்சின். குருவோ கும்பத்தில், கும்பம் காற்றுக்குரிய இராசி. மகரம் சரராசியாதலின் இயக்கத்துக்கு ஏற்றது. நெருப்பும் இரும்பும் இயங்கிக் காற்றின் துணையால் உயர்ந்தன என்று ஒருவர் பலன் சொல்லின், கேட்பவர் தலையசையாதிரார். கவிதையென்று கொள்ளின் இது நல்ல கவிதை.

ஆயின் சோதிடம் கவிதையென்று தன்னைச் சொல்லிக்கொள்வதில்லை. சாத்திரம் என்றே சொல்லிக்கொள்கின்றது. சாத்திரமெனின் அதற்குரிய சோதனையும் வேண்டும். இங்கே அச்சோதனைக்கு வெளியே போய்த் தேட வேண்டியதில்லை. றைற் சகோதரர் பறப்பதற்கு ஒன்பது நாள் முன்னர், டிசம்பர் 8ஆந் திகதி, பேராசிரியர் சாமுவேல் லாங்லி அமைத்த பறக்கும் பொறி வாஷிங்ரன் நகரத்தருகே பொற்றோமக் ஆற்றின்மேல் ஏவப்பட்டது. ஏவிய கணத்திலேயே அது முறிந்து நீரில் விழுந்தது. செலுத்தியவர் உயிர் தப்பியது அரிது. அரசாங்கம் அம்முயற்சிக்கு 50,000 டொலர் வழங்கியிருந்தது. அன்று கிரகங்கள் எங்கே நின்றன? சனி மகரத்தில் ஆட்சி. செவ்வாய் மகரத்தில் உச்சம். குரு கும்பத்தில். வியாழனும் சனியும் ஒன்பது நாளில் இராசி மாறும் இயல்பினரல்லர். முன்னர்ப் பாராட்டப்பட்ட மூவரும் லாங்லிக்கும் அதே வீடுகளிலிருந்தே அருள்புரிந்திருத்தல் வேண்டும்.

மாறியவை சூரியனும் சந்திரனும் இலக்கினமுமே. அவை மாறிய வகைதான் சுவையானது. லாங்லியின் நாளில் சூரியன் விருச்சிகத்தில் நின்றான்; நமக்கு அது கார்த்திகை மாதம். சந்திரன் தன் சொந்த வீடாகிய கடகத்திலிருந்தான். றைற் சகோதரரின் நாளிலோ சூரியன் தனுவிற் புகுந்துவிட்டான். சோபகிருது வருடத்து மார்கழி பிறந்துவிட்டது. சந்திரன் விருச்சிகத்தில் நீசம். திதி தேய்பிறைச் சதுர்த்தசி. ரிக்தை எனத் தள்ளப்படும் திதிகளுள் ஒன்று. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருக்கும் சோதிடர் ஒருவரிடம் இவ்விரு நாள்களையும் பெயர் குறியாது கொடுத்து, 'புதிய ஊர்தி ஒன்றை முதன்முதலாக ஏறிச் செலுத்த எந்நாள் நன்று?' என வினாவின், அவர் எதனைக் காட்டுவார் என்பதில் ஐயமுண்டோ? மார்கழியையும், நீசச் சந்திரனையும், சதுர்த்தசியையும் ஒருங்கே கொண்ட நாளை அவர் தம் பகைவருக்குந் தரமாட்டார். தேய்பிறையும் ஆயிலியமுங் கருதிக் கார்த்திகை நாளையும் அவர் விலக்கக்கூடும். ஒன்றைத் தேர்ந்தேயாகவேண்டுமெனின் அதனையே தேர்வார்.

மார்கழியின் விலக்கு அம்மாதத்தின் தீமை பற்றியதன்று. அது தேவர்க்கு வைகறையாதலின் வழிபாட்டுக்கென ஒதுக்கப்பட்டது என்று பெரியோர் கூறுவர். அது நியாயமே. ஒதுக்குதல் எவ்வகையினதாயினும் ஒதுக்குதலே என்பதும் மறத்தற்கில்லை. ஒதுக்கப்பட்ட மாதங்களில் வேறொன்று ஆடி. பிரெஞ்சுக்காரராகிய லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயை முதன்முதல் விமானத்திற் கடந்தது 1909ஆம் ஆண்டு யூலை 25ஆந் திகதி. ஆடி மாதத்து வளர்பிறை, அட்டமியை ஒட்டிய காலம். ஏறத்தாழ 37 நிமிடப் பறப்பு அது. காலிற் பட்ட தீப்புண் ஆறாத நிலையிலே அவர் அதனைச் செய்தார். பிறை வளர்ந்தது எனின் அட்டமி தடுக்கும். இவ்வொரு நாளால் மேலே வகுத்த தேய்பிறை விதியும் பிழைத்தது.

'முகூர்த்தம் வேறு, சாதகம் வேறு. நாளை விடுத்து இலக்கினத்தைப் பார்க்க' என்று மறுப்பார் உளர். அதனையும் பார்ப்போம். அன்று முற்பகலில் ஒன்றல்ல, நான்கு பறப்புகள் நிகழ்ந்தன. ஓவில் றைற் செலுத்திய முதற் பறப்பு 12 செக்கன் நீடித்து 120 அடி சென்றது. வில்பர் றைற் செலுத்திய நான்காவது பறப்பு நண்பகலளவில் 59 செக்கன் நீடித்து 852 அடி சென்றது. முதலாவதன்போது மகரம் முடியும் தறுவாயில் இருந்தது. ஏறத்தாழப் பத்து நிமிடம் பிந்தியிருப்பின் இலக்கினம் கும்பமாயிருக்கும். ஏனைய பறப்புகளெல்லாம் கும்பத்தில் நிகழ்ந்தவையே. நிலத்தத்துவத்துக்குரிய மகரத்தில் எழுந்தது 120 அடி. காற்றுத்தத்துவத்துக்குரிய கும்பத்தில் எழுந்தது 852 அடி என்று சொல்லலாமே எனின், நன்றாகச் சொல்லலாம். அப்பொழுது மகரத்திற் சேர்ந்த ருசகமும் சசமும் என்னாயின? அவை பன்னிரண்டாம் வீட்டுக்குப் போய்விடும். கும்பத்தைக் கொண்டாடுவார் மகரத்தை இழப்பர். மகரத்தைக் கொண்டாடுவார் 59 செக்கனை இழப்பர்.

இன்னொன்றும் உண்டு. நான்காவது பறப்பின் பின் நிலத்தில் நின்ற விமானத்தைப் பெருங்காற்று புரட்டிச் சிதைத்தது. அது பின்னர் ஒருபொழுதும் பறந்ததில்லை. பிறந்த அன்றே பறப்பொழிந்த குழந்தைக்கு இரண்டு மகாபுருட யோகங்கள்! எட்டாமிடத்து அதிபதியாகிய சூரியன் பன்னிரண்டில் மறைந்தமையே காரணம் எனலாம். ஆயின் அதே அமைப்பைக் காட்டி விபரீத ராசயோகம் என்றுஞ் சொல்லலாம். வெற்றியையும் சிதைவையும் ஒரே கட்டத்தாற் காட்டவல்ல சாதகம், முன்னாளிற் கேட்டிருப்பின் எதனைச் சொல்லியிருக்கும்?

நுண்ணிய நேரக் கணக்கை இத்தனை நம்புவோர், அன்று மாலை நிகழ்ந்த சிறு செய்தியொன்றையும் அறிதல் தகும். சகோதரர் தந்தையாருக்கு அனுப்பிய தந்தியில் 59 செக்கன் 57 ஆயிற்று. ஓவிலின் பெயரும் எழுத்துப் பிழைபட்டது. நிகழ்ந்த சில மணி நேரத்துள்ளேயே, ஒரு தந்திக் கம்பியின் வழியில், இவ்வளவு.

இவ்வளவுங் கூறியது சோதிடத்தைப் பழித்தற்கன்று. பழைய சோதிடத்துக்கு ஒரு மானம் உண்டு. அது முன்னே சொல்லும். சொன்னது பிழைத்தால் நாணும். நாள் குறித்துக் கொடுத்த சோதிடர், அந்நாளிற் கலியாண வீட்டுக்கு வந்து முன்வரிசையில் இருப்பார். நிகழ்ந்தபின் சாதகம் எழுதுபவருக்கு அந்த இக்கட்டு இல்லை. அவர் விடையைத் தெரிந்துகொண்டு கணக்கைச் செய்கின்றார். வகுப்பறையில் இதனைச் செய்யும் மாணவனுக்கு என்ன கிடைக்குமென்பது ஆசிரியர் அனைவருக்குந் தெரியும்.

நாளும் கோளும் பற்றிச் சைவர்க்குள் எழுந்த பழைய உரையாடல் ஒன்று இங்கு நினைவுக்கு வருகின்றது. திருமறைக்காட்டிலிருந்து மதுரைக்குப் புறப்படவிருந்த சம்பந்தரைக் கோள்நிலை தீதென்று தடுத்தவர் அப்பர். வேறு யாரோ அல்லர். சம்பந்தர் அக்கணக்கைப் பொய்யென்று வாதிடவுமில்லை. கோள்நிலை நன்றென்று வேறு கணக்குக் காட்டவுமில்லை. கோளறு பதிகம் பாடிப் புறப்பட்டார். மதுரையில் வென்றபின், அந்நாளின் கிரகங்கள் உண்மையில் நல்லனவே என்று ஒருவர் திருத்திக் கணித்திருப்பின், அது பதிகத்துக்கும் இழுக்கு, அப்பரின் சொல்லுக்கும் இழுக்கு. தமிழ்க் காப்பியம் காட்டும் பறக்கும் பொறியும் நாள் பார்த்து எழுந்ததன்று. சீவக சிந்தாமணியில் விசயை மயிற்பொறி ஏறியது, தீக்கனாக் கண்டபின், பகைவர் அரண்மனையைச் சூழ்ந்த வேளையில், இறங்கியது சுடுகாட்டில், அங்கே பிறந்தவனே பின்னர் நாடாண்டான்.

நம்மவரின் நடைமுறை இக்கட்டுரைகளினும் தெளிவுடையது. பிள்ளை வெளிநாடு செல்லும் விமானம் புறப்படும் நேரத்தைக் குறிப்பது விமான நிறுவனம். இராகுகாலமெனினும் அது நில்லாது. ஆகவே நல்ல நேரத்திற் பெட்டியொன்றை அயல்வீட்டில் வைத்துப் பிரஸ்தானம் செய்துவிட்டுக் கட்டுநாயக்காவுக்குப் புறப்படுவர். இஃது இரு கணக்குகளையும் மதித்து, எது எங்கே செல்லும் என்பதை அறிந்து செய்யும் சமாதானம். அதிற் பொய்யில்லை. ஆனால் நாள் நன்றன்று என்று நேர்முகத் தேர்வைத் தவறவிட்ட இளைஞனிடம், றைற் சகோதரரின் வெற்றி கிரகங்களால் வந்ததென்று எழுதிய பக்கத்தைக் காட்டுவது வேறு வகையானது. அங்கே மறைக்கப்படுவது மனித உழைப்பு. 1901ஆம் ஆண்டில் அவர்கள் மரப்பெட்டி போன்ற காற்றுக்குகை ஒன்றை அமைத்து, ஏறத்தாழ 200 சிற்றிறக்கை வடிவங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தனர். அதுகாறும் அறிஞர் நம்பியிருந்த காற்றழுத்தக் கணக்குகளிற் பிழை கண்டனர். மறு ஆண்டில் எஞ்சினற்ற மிதவை விமானத்தில் நூற்றுக்கணக்கான முறை சறுக்கிப் பழகினர். வேண்டிய எஞ்சின் வெளியிற் கிடைக்காமையால், தம் சைக்கிள் கடை வினைஞர் சாள்ஸ் ரெயிலரைக் கொண்டு 12 குதிரைவலு எஞ்சினைத் தாமே செய்வித்தனர்.

அவர்களுக்கும் விலக்கு நாள் ஒன்று இருந்தது. டிசம்பர் 13ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமை. வானிலை வாய்ப்பாயிருந்தும் பறக்கவில்லை. தந்தையார் கிறித்தவ ஆயர், ஓய்வுநாளைக் காத்தனர். மறுநாள் வில்பர் முயன்று, மூன்றரைச் செக்கனில் விமானம் மண்ணில் மோதியது. பழுது பார்த்தனர். வியாழன் காலையில் நீர்க்குட்டைகள் உறைந்திருந்தன. காற்று மணிக்கு 20 மைலுக்கு மேல் வீசியது. அது தணியுமென்று பத்து மணி வரை உள்ளே காத்திருந்தனர். தணியவில்லை, எழுந்து வெளியே சென்றனர். 10 மணி 35 நிமிடம் என்ற முகூர்த்தம் பிறந்த வகை இதுவே.

லாங்லியின் பொறிக்குப் பின்னொரு கதையுண்டு. 1914ஆம் ஆண்டில் அதனைப் பழுதுபார்த்து, பல இடங்களில் மாற்றி, நீர்மேலிருந்து சிறிது தூரம் எழுப்பினர். அதனைக் கொண்டு, மனிதனைத் தாங்கிப் பறக்கவல்ல முதற் பொறி லாங்லியினதே என்று சிமித்சோனியன் நிறுவனம் கூறிவந்தது. நிகழ்ந்தபின் கணக்கைத் திருத்துவார் சோதிடரிடையே மட்டும் இல்லைப்போலும். ஓவில் மனம் வெறுத்துத் தம் விமானத்தை 1928இல் இலண்டன் விஞ்ஞான நூதனசாலைக்கு அனுப்பிவிட்டார். 1942ஆம் ஆண்டில் அந்நிறுவனம் தன் கூற்றை வெளிப்படையாகத் திரும்பப் பெற்றது. விமானம் வாஷிங்ரனுக்கு மீண்டு அந்நிறுவனத்தில் வைக்கப்பட்டபோது ஓவில் உயிரோடில்லை. அந்நாள் 1948ஆம் ஆண்டு டிசம்பர் 17. அதுவும் மார்கழித் தொடக்கமே. நாற்பத்தைந்தாம் ஆண்டு நிறைவென்று அதனைத் தேர்ந்தனர்.